பசை காயும் நேரம்

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அமுக்கி உட்கார்ந்திருக்கிறார் லிஃப்ட் மெக்கானிக். எதிரே, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் ஒரு துளை. அதற்குள் பசை காய்ந்துகொண்டிருக்கிறது. கையை வெளியே விட்டால் போய்த் தொட்டுவிடுமாம்.

பட்ட பாடு அப்படி. முதல் தடவை ஈரம் காயும் முன்பே போல்ட்டைத் திருகிப் பார்த்தார். அது அங்கேயே குடியேறிவிட்டது. அந்தப் பலகையைச் சுவரில் அடித்து, போல்ட்டில் சட்டையை மாட்டுகிறார். "நம்ம அவசரத்துக்கு ஒரு ஞாபகம் வேணும்ல?"

ஞாயிற்றுக்கிழமைகளில், பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை வைத்து வீட்டிலேயே இயந்திரம் செய்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவரே மரை கழன்ற ஆள்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அவருடைய தங்கையைப் பற்றித் தெரியும்வரை.

தங்கை மரப்பொம்மை செய்கிறவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையில் பிடிப்பு போய்விட்டது. இடது கையால் திருகினால் பொம்மையை இறுக்கிக்கொள்ளும் ஒரு பிடி, அதன் எதிரே சுழலும் உப்புத்தாள். இதுதான் அண்ணன் போட்ட திட்டம். ஒரு நாளைக்கு நூறு தடவை திருக வேண்டிய பிடி அது. பலகைத் துளைக்குள் வெட்டிய மரையோ பத்தாவது தடவையிலேயே மாவாக உதிர்ந்துவிட்டது. தங்கை அந்த மாவைத் துடைத்தபடி, "விடுண்ணா. என் கையும் அதுவும் ஒண்ணுதான்" என்றாராம்.

"இரும்பு நட்டைப் பதிச்சிடலாமே?" என்று கேட்டேன்.

"பதிச்சேன் சார். பலகையையும் பேத்துக்கிட்டு வந்துச்சு. இது சவலைப் புள்ள. உள்ளுக்குத்தான் தெம்பு ஏத்தணும்."

மரை வெட்டுகிறார். தண்ணீராக ஓடும் பசையைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். பலகை அதைக் குடித்து இறுகியதும் அதே மரையை மறுபடி வெட்டுகிறார். இந்த முறை உதிர்ந்த பொடி விரலில் நறநறத்தது. போல்ட்டில் கொஞ்சம் மெழுகு தடவினார்.

மாலையில் தங்கை வந்தார். "இதுவும் உதிர்ந்தா அதோட விட்டுடணும், சரியா?" அண்ணன் தலையாட்டினார்.

தங்கை இடது கையால் திருகினார், தளர்த்தினார், திருகினார். பத்தாவது தடவை நிறுத்திக் கீழே பார்த்தார். தரையில் மாவு இல்லை. பதினொன்று. பிறகு எண்ணவில்லை. பையிலிருந்து போன வருஷம் பாதியில் நின்ற மரக்குதிரையை எடுத்து, பிடியில் வைத்து இறுக்க ஆரம்பித்தார்.

அண்ணன் உதவிக்குப் பாதி எழுந்தார். மறுபடி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.