மல்லி என்றால் தம்பி

அக்கா இல்லாமல் ஒரு வருடத்தைக் கடந்துவிட்டோம். இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதும்படி உறவினர்கள் சொன்னபோது எனக்கு முதலில் பயம்தான் வந்தது. நான் எழுதிய எதையும் அவர் சிவப்புப் பேனா இல்லாமல் வாசித்ததே இல்லை.

றக்வானைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தின் வரிசைவீடு ஒன்றில் அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்டே அம்மா எங்கள் இருவரையும் வளர்த்தார். அக்கா சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த சமயத்தில், அம்மா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அக்காவுக்குக் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை பேசியிருந்தது. அம்மாவின் கால் தேறும்வரைதான் என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் பிள்ளைக்காம்பராவுக்குப் போனார். சின்னப் பிள்ளைகள் என்றாலே அவருக்கு எரிச்சல். அதற்கு நானே சாட்சி.

அங்கே சுவரில் ஓர் எழுத்துப்படம் தொங்கியது. பொழுது போகட்டும் என்று அக்கா அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 'ம'வுக்கு மல்லி என்று ஒரு கொத்தமல்லிப் படம். மல்லி எங்கே இருக்கும் என்று கேட்டதும், நிரோஷா என்ற சிறுமி எழுந்து, தொட்டிலில் தூங்கிய தன் தம்பியைக் காட்டினாள். லயத்துக்குக் கீழே சிங்களக் கிராமம். அவள் விளையாட்டெல்லாம் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளோடுதான். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. பால் கொடுக்க வந்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டார். நிரோஷா தொட்டில் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அதன்பின் வாயே திறக்கவில்லை.

அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தப் புள்ள சரியாத்தாம்மா சொல்லுச்சு. நாங்கதான் சிரிச்சிட்டோம்" என்றார்.

மறுநாளிலிருந்து தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நீ சொன்னது சரி, அதையே தமிழில் தம்பி என்போம் என்று நிரோஷாவிடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அசையவில்லை. அக்காவும் விடவில்லை. ஒருநாள் குழந்தை அழுதபோது அவளே தொட்டிலை ஆட்டி, "தம்பி, அழாத" என்றிருக்கிறாள். அதைச் சொல்ல அக்கா லயத்துக்கு ஓடிவந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அம்மாவின் கால் தேறியது. கொழும்புக்குக் கூட்டிப்போக ஆள் வந்தபோது அக்கா கிளம்ப மறுத்துவிட்டார்.

"நான் டீச்சராகணும்மா. கடைக்குப் போகமாட்டேன்."

யார் படிக்கவைப்பது என்று அம்மா சத்தம் போட்டார். நானே படித்துக்கொள்கிறேன் என்றார் அக்கா. பகலில் அம்மாவுக்குத் துணையாகப் பிள்ளைக்காம்பரா, மற்ற நேரமெல்லாம் புத்தகம். உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை தோற்றபோது, 'டீச்சரம்மா' என்று கேலி செய்தவர்களில் சிலர் இந்த மலரையும் வாசிப்பார்கள். கோபமில்லை, ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். அக்கா மறுபடி எழுதினார். பாஸானார். எங்கள் தோட்டத்துக்குக் கீழேயுள்ள தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியையானார். மேல் வகுப்புகள் கொடுத்தபோதும், தரம் ஒன்றை விட்டு அவர் அசையவில்லை. அவருடைய வகுப்பில் மட்டும் 'ம'வுக்கு இரண்டு படங்கள்: ஒன்று கொத்தமல்லி, மற்றது தொட்டில் குழந்தை.

கடைசி நாட்களில் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பிள்ளைகளின் கொப்பிகளைக் கேட்டு வாங்கித் திருத்தினார்.

அவரைக் கவனித்த வைத்தியர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் மழையிலும் தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும், சக ஆசிரியர்களுக்கும் எங்கள் நன்றி. நிரோஷாவின் மகள் இப்போது அந்தத் தரம் ஒன்றில்தான் படிக்கிறாள். அந்த இரண்டு படங்களையும் கழற்ற நான் விடமாட்டேன்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் கட்டிலருகே நின்ற நான் யார் என்று சிங்களத்தில் கேட்ட தாதி அவர்.

"மகே மல்லி" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரியாத்தானேடா சொன்னேன்?"

சரியாகத்தான் சொன்னீர்கள், அக்கா.