எட்டு டிகிரியில் கசந்த ஒயின்

உணவகத்துச் சமையலறையில் அவளுக்கு மோப்பம் என்று பெயர். வைத்தவள் அவளுடைய நாத்தனார்தான். அங்கே தலைமைச் சமையல்காரி. பதினொரு வருடங்களுக்கு முன் கண்ணாடிக் கோப்பை கழுவும் வேலைக்கு அண்ணியைக் கூட்டிவந்தவளும் அவளே. வந்தவள் கழுவத்தான் செய்தாள். ஆனால் ஒவ்வொரு கோப்பையையும் தண்ணீரில் முக்கும் முன் மூக்கருகே ஒரு முறை கொண்டுபோவாள். காலி பாட்டில்களை வெந்நீரில் ஊறவைத்து, லேபிளை உரித்து ஒரு நோட்டில் ஒட்டுவாள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி: நனைந்த கல், பழுத்த கொய்யா, புதுச் செருப்பு.

ஒருநாள், பரிமாறுபவர் திறந்து எடுத்துப்போன பாட்டிலைப் பாதி வழியில் மறித்தாள்.

"கொண்டுபோகாதீங்க. ஈரச் சாக்கு வாடை அடிக்குது. கார்க் கெட்டிருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே போனார். போன வேகத்தில், வாடிக்கையாளர் வேண்டாமென்ற பாட்டிலோடு திரும்பி வந்தார். அந்த வாரமே ஒயின் அறைச் சாவி அவள் கைக்கு வந்தது. வெள்ளை ஒயின் எட்டு டிகிரி, சிவப்பு பதினாறு என்று எழுதி ஒட்டி, அதை மீறியவர்களை அவள் விட்டுவைத்ததில்லை. ருசி பார்ப்பதைத் துப்பிவிடுவாள். "குடிக்கிற இடத்துல குடிக்காம சம்பளம் வாங்குற ஒரே ஆளு என் பொண்டாட்டிதான்" என்பான் பஸ் மெக்கானிக்கான கணவன்.

ஆனால் எந்த ஒயினை வாங்குவது என்று சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. அதை சப்ளை ஏஜென்ட் சொல்வார். வருடா வருடம் அதே ஐந்தாறு நாடுகள்; எல்லாரும் பெயர் சொல்லக்கூடிய நாடுகள். இந்த வருடம் வாய்விட்டுக் கேட்டே விட்டாள்.

"பட்டியல்ல ஒரே ஒரு இடம் தர்றேன்" என்றார் முதலாளியம்மா. "நீயே தேடிப் பிடி. வெள்ளிக்கிழமை மதியம் ருசி பார்ப்போம். திங்கக்கிழமை பட்டியல் அச்சுக்குப் போகுது. சரியா வரலைன்னா, இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது."

இறக்குமதியாளர்களின் கண்காட்சிக் கூடத்தில் அவள் அரை நாள் நடந்தாள். கூட்டம் மொய்த்த மேசைகளைத் தாண்டி, கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு மேசை. ஜார்ஜியா என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு நாடு இருப்பது தெரியும். அங்கே ஒயின் உண்டு என்பது தெரியாது. மேசைக்காரர், ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கொட்டித் தீர்த்துவிட்டார். ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செய்கிறார்களாம். ஆள் இறங்கும் அளவு பெரிய மண்சாடிகளைக் கழுத்துவரை தரையில் புதைத்து, வெள்ளைத் திராட்சையைத் தோலோடும் கொட்டையோடும் அதில் போட்டு, மாதக்கணக்கில் மூடிவைப்பார்களாம். ஊற்றியபோது தேன் நிறத்தில் இறங்கியது. வாயில் வைத்தாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் துப்ப மறந்து விழுங்கிவிட்டாள்.

ஆறு பாட்டில் மாதிரிக்கு வந்தன. வெள்ளைத் திராட்சையில் செய்தது. ஆகவே எட்டு டிகிரிக் குளிர்பெட்டியில் அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஏஜென்ட் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஆறிப்போன டீயா இது? எலுமிச்சம்பழம் பிழிய மறந்துட்டீங்க போல."

அவளும் குடித்தாள். துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. வாசனை என்று எதுவுமே இல்லை. முதலாளியம்மா எழுந்தார்.

"ஆசைப்பட்டே, பார்த்தாச்சு. விடு."

சாவியை அங்கேயே வைத்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. கண்காட்சியில் குடித்தது பொய்யா? கூட்டத்திலும் களைப்பிலும் மூக்கு ஏமாந்துவிட்டதா? மூக்கை நம்ப முடியாதென்றால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

மூன்று மணிக்கு வேலையாட்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். திறந்த பாட்டில் அடுப்பு மேடையோரம் அப்படியே நின்றது. நாத்தனார் வீணாக்க மனமில்லாமல், வாட்டிய இறைச்சித் துண்டோடு அதை ஊற்றிக் குடித்தாள்.

"ஏன் அண்ணி, இதையா அந்த அம்மா வேண்டாம்னாங்க? வாய் கெட்டுப்போச்சா அவங்களுக்கு?"

"என்னைத் தேத்துறதுக்காகச் சொல்லாதடி."

"உங்களைத் தேத்தி எனக்கு என்ன ஆகப்போகுது? குடிச்சுத்தான் பாருங்களேன்."

குடித்தாள். உலர்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், அக்ரூட் பருப்பு. கழிப்பறை வழியில் கிடைத்த அதே ஒயின். அப்போதுதான் அந்த மேசையில் பனிக்கட்டி வாளி எதுவும் இல்லாதது அவளுக்கு உறைத்தது.

முதலாளியம்மாவிடம் உடனே ஓடவில்லை. மறுநாள் காலை மூன்று கோப்பைகளில் ஊற்றி, நாத்தனாரின் தெர்மாமீட்டரை நன்றாகக் கழுவி முதல் கோப்பையில் விட்டாள்.

"அது ஆட்டுத்தொடைக்குக் குத்துறது அண்ணி!"

"ஆடு கோவிச்சுக்காது, சும்மா இரு."

எட்டு டிகிரியில் துவர்ப்பு மட்டும். பன்னிரண்டில் பிடி தளர்ந்தது. பதினைந்தில் எல்லாம் திறந்தது. துவர்ப்பு தோலிலிருந்து வருவது. சிவப்பு ஒயினிலும் அப்படித்தான். குளிர்ந்தால் அது முரடாகும். இதுவோ பிறப்பில் வெள்ளை, வளர்ப்பில் சிவப்பு. பிறப்பை மட்டும் பார்த்து அவள் பெட்டியில் வைத்துவிட்டாள்.

மதியம் ஒரு கோப்பையை ஏந்திக்கொண்டு முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள். அவர் தட்டில் சாப்பாடு பாதி இருந்தது.

"நேத்தே முடிஞ்ச பேச்சு இது."

"நேத்து தப்பு ஒயின் மேல இல்லைங்கம்மா, என் மேல. வைக்கக் கூடாத குளிர்ல வெச்சுட்டேன்."

"நீயா? ஒரு டிகிரி கூடினா எல்லாரையும் வறுத்தெடுப்பியே!"

"நானேதான்."

முதலாளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். தன் தப்பைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நிற்கும் ஆளை அவர் அதிகம் பார்த்ததில்லை போலும். கோப்பையை வாங்கினார். ஒரு வாய்; பிறகு ஒரு கவளம்; மறுபடி ஒரு வாய். தட்டு காலியாகும்போது கோப்பையும் காலியாகியிருந்தது.

"பரிமாறுறவங்களுக்கு எப்படிக் குடுக்கணும்னு நீயே நின்னு சொல்லிக் குடு. உன்னையே தடுமாற வெச்சிருக்கு, அவங்க எம்மாத்திரம்."

"சரிங்கம்மா."

"ஏஜென்ட்கிட்ட நான் பேசிக்கிறேன். அந்த நாட்டுல இது மாதிரி இன்னும் என்ன இருக்கு?"

"திராட்சை மட்டும் ஐந்நூறு வகைக்கு மேல இருக்குன்னு சொன்னார், அந்த மேசைக்காரர்."

"அதுல உனக்கு எத்தனை தெரியும்?"

"ஒண்ணுங்கம்மா. அதுவும் நேத்து மூணு மணியிலிருந்துதான்."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். காலிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி, "அடுத்த மாசம் ரெண்டாவதைக் கொண்டுவா" என்றார்.