சர்க்கரை போட்ட முகத்துவாரம்

ராயபுரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் தலை வெட்டிக்கொண்டிருந்தேன். பயப்பட வேண்டாம். பிறந்தநாள் கொண்டாடும் அண்ணன்களின் தலையைக் கணினியில் வெட்டி, வேறு யாரோ ஒருவரின் கோட்டு சூட்டின் மேல் ஒட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டில் குவாஷ் ஓவியம். தண்ணீரில் குழைத்துக் கெட்டியாகப் பூசும் அந்த வண்ணம்தான் எனக்கு உயிர்.

ஒருநாள் சிறுவர் புத்தகம் போடும் பதிப்பாசிரியர் ஒருவர் கூப்பிட்டார். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரக்குப்பத்துச் சிறுமி ஒருத்தியின் கதையாம். மாதிரிக்கு ஒரு பக்கம் வரைய வேண்டும், பிடித்துவிட்டால் முழுப் புத்தகமும் எனக்குத்தான். படகு, வலை, தூரத்தில் புகைபோக்கி, நடுவில் தண்ணீர் என்று வரைந்து, போனில் படம் பிடித்து அனுப்பினேன்.

"அந்தத் தண்ணி கலர் இருக்கே, அப்பப்பா! நேர்ல போய் நின்ன மாதிரியே இருக்குங்க. எல்லாப் பக்கத்துலயும் அதே தண்ணி வேணும்" என்றார் பதிப்பாசிரியர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கடைக்காரரிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, படிகளில் குதித்துக் குதித்து இறங்கினேன். கழுதை வயசாகிறது, குதிக்கிற குதியைப் பார்!

வீட்டுக்கு வந்து குழைத்தால் அந்த நிறம் வரவே இல்லை. நீலத்தில் பழுப்பைச் சேர்த்தால் சாக்கடை. பச்சையைச் சேர்த்தால் பாசி. இந்தக் குவாஷ் வேறு ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். நாட்கள் ஓடின. இந்தத் தண்ணீர் வராவிட்டால் புத்தகம் கிடையாது, மறுபடி அண்ணன்களின் தலைதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, இஞ்சி தின்ன கொரங்கு மாரி மூஞ்ச வச்சிகினு கீற?"

"அந்தக் கலரு வரலம்மா."

"டீயில முக்கினியா?"

"இன்னாது?"

"அன்னிக்கு தண்ணி கிளாஸ வுட்டுட்டு டீ கிளாஸ்லதான பிரஷ்ஷ வுட்டு வுட்டு எடுத்த? நான் கத்திகினே கீறேன், உன் காதுல ஏறினாதான!"

கீழே ஓடிப்போய் டீ வாங்கி வந்து பிரஷ்ஷை முக்கினேன். வந்துவிட்டது, அதே தண்ணீர்! செதில் ஒட்டிய கையோடு நின்ற அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். "வுடுடி, பேஜாரு புட்ச்சவளே" என்று திட்டிக்கொண்டே அவளும் சுற்றினாள். அன்றிலிருந்து தினமும் டீ இரண்டு. ஒன்று எனக்கு, ஒன்று படத்துக்கு. மாற்றிக் குடித்த நாட்களும் உண்டு, தொலையட்டும்.

முழுப் புத்தகத்தையும் வரைந்து முடித்து, மூலப் படங்களைப் பதிப்பகத்துக்கு நேரில் கொண்டுபோனேன். பதிப்பாசிரியர் ஆசையாக முதல் பக்கத்தைப் பிரித்தார். படகிலிருந்து கரைவரைக்கும் எறும்பு, சாரை சாரையாக. கடல் காற்றின் ஈரத்தில் டீயின் சர்க்கரை காயவே இல்லை போலிருக்கிறது. அடுத்த பக்கத்திலும் எறும்பு.

செத்தோம் என்று நினைத்தேன். டீக் கதையை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அவர் படத்தைக் கிட்டத்தில் தூக்கிப் பிடித்தார். மெல்ல ஊதிப் பார்த்தார், எறும்பு அசையவில்லை. பிறகு சுண்டுவிரல் நுனியில் ஒவ்வொன்றாக ஏற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டார்.

"அடுத்த புத்தகத்துக்காவது சக்கர இல்லாத டீயா வாங்கிக்கங்க."

"அடுத்த புத்தகமா?" என்று கத்தினேன். கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.