அடையாற்றில் மடவை எண்ணிய கதை

1. ஆறு கொள்ளாத மீன்

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டை நானே போய்த் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மீன் கணக்கெடுப்பு வேலையில் என் சர்வீஸ் முழுவதிலும் நான் மார்தட்டிச் சொல்லிக்கொள்வது அந்த ஒரு காரியத்தைத்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

மழைக்குப் பிறகு அடையாறு முகத்துவாரம் திறந்துகொண்டதும், ஆற்றில் வளர்ந்த மடவை மீன்கள் முட்டையிடக் கடலுக்குக் கிளம்பும். அந்த வருடம் ஒரு காண்ட்ராக்டர், முகத்துவாரத்தின் குறுக்கே கரைக்குக் கரை வலை கட்ட அனுமதி கேட்டிருந்தார். மீன் ஏராளமாக இருந்தால் கொடுக்கலாம். குறைவாக இருந்தால் மொத்தமும் வழித்தெடுத்ததாகிவிடும். வீச்சு வலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அடுத்த வருடம் வெறும் தண்ணீரில்தான் வலை வீச வேண்டும். எவ்வளவு மீன் என்று சொல்ல வேண்டியவள் நான்.

ஆற்று மீனை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஓர் அண்டா அரிசியில் ஒரு பிடி கறுப்பு உளுந்தைக் கலந்துவிட்டு, ஒரு கை அள்ளிப் பார்ப்பது போலத்தான். உளுந்து நிறையத் தென்பட்டால் அரிசி கொஞ்சம்; அபூர்வமாகத் தென்பட்டால் அரிசி ஏராளம். உளுந்துக்குப் பதிலாக நாங்கள் மடவையைப் பிடித்து, துடுப்பின் நுனியைக் கத்தரித்து மறுபடி ஆற்றில் விடுவோம். அதுதான் மார்க் மீன். வீச்சு வலைக்காரர்களின் கூடையில் அது எத்தனை வருகிறது என்று பிறகு பார்ப்போம்.

பத்து நாள் பார்த்தேன். கூடை கூடையாக மடவை. மார்க் மீனோ விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படியானால் ஆறு கொள்ளாத மீன்! அப்படியே ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தேனாம்பேட்டை ஆபீஸில் என் மேலதிகாரி, "பிரமாதம் மேடம். திங்கக்கிழமை மீட்டிங்ல வெச்சு பர்மிஷன் கொடுத்துடலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. தேசம்மாவின் வசவு

சனிக்கிழமை, கரையில் விட்டுவந்த தராசை எடுக்கப் போனேன். தேசம்மா பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் வலை வீசுவார். அவள் மயிலாப்பூர்த் தெருக்களில் விற்பாள்.

"வாம்மா, உன்னாண்டதான் பேசணும். இன்னாத்துக்கு மீனை வெட்டி வெட்டி வுடுற? என் யாவாரமே நாறிப்போச்சு!"

"ஏன், என்ன ஆச்சு?"

"வாங்க வர்றவ மீனைத் திருப்பித் திருப்பிப் பாக்கறா. செறகு வெட்டிக் கீது, ஊசி போட்ட மீனுன்னு தூக்கிப் போட்டுட்டுப் போறா. அதான் எங்க ஊட்டுக்காரராண்ட சொல்லிட்டேன், வெட்டின மீனு வந்தா தண்ணிலயே வுட்டுடுன்னு. இப்ப எல்லாருமே அப்டிதான் செய்றாங்கோ."

கூடையில் மார்க் மீன் ஏன் குறைவாக வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. "எத்தனை மீன் அப்படி விட்டிருப்பாங்க?"

"யாரு கண்டா? வீசற வலைக்கெல்லாம் ஒண்ணு ரெண்டு கீது."

நான் மேற்கு மாம்பலத்தில் சைவச் சமையல் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். மடவையின் வயதைக் கூடச் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு நாளும் பேரம் பேசி மீன் வாங்கியதில்லை. வாங்குகிறவள் மீனைப் புரட்டிப் பார்ப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சே, எத்தனை பெரிய முட்டாள்தனம்!

காண்ட்ராக்டர் விஷயத்தைச் சொன்னேன். "உங்க வாயில மண்ணைப் போட இருந்தேன் தேசம்மா."

அவள் முகம் சுண்டிவிட்டது. "அய்ய, நாங்க வுட்ட மீனாலயே எங்க பொழப்பு போவுதா?"

3. திங்கட்கிழமை

மீட்டிங்குக்கு முன்னால் ரிப்போர்ட்டைத் திரும்பக் கேட்டேன். மேலதிகாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப தப்புன்னா மானம் என்ன ஆறது?"

"போறது என் மானம்தானே சார், போகட்டும். மீன் போனா நாம கூப்பிட்டா வராது. ஒரு வாரம் கொடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். அந்த வாரம் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்றேன். கூடைக்குப் போகும் முன்பே, வலையிலேயே எண்ணினேன். தேசம்மாவும் யாவாரத்தை விட்டுவிட்டு என் பக்கத்தில் நின்றாள். "ஒரு வெட்டு! இன்னொண்ணு! ஏய், மறைக்காத, காட்டு!" என்று அவள் போட்ட கூச்சலில் ஒரு மீனும் தப்பவில்லை. புதுக் கணக்குப்படி ஆற்றிலிருந்த மடவை, பழைய எண்ணிக்கையில் கால்வாசி கூடத் தேறவில்லை.

மீட்டிங்கில் முதலில் என் தப்பைச் சொன்னேன். காண்ட்ராக்டர் சிரித்தார். "போன வாரம் ஒரு நம்பர், இந்த வாரம் ஒரு நம்பரா மேடம்?"

"ஆமா சார். போன வாரம் கூடையை எண்ணினேன். இந்த வாரம் வலையை எண்ணினேன்."

அனுமதி கிடைக்கவில்லை. மடவைகள் கடலுக்குப் போய்ச் சேர்ந்தன.

கணக்குப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. நம் கைக்கு வரும் முன்னால் மீன் யார் யார் கையில் புரள்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன். தேசம்மா திட்டியதால் பிழைத்தேன்.

அடுத்த வருடமும் மடவைக்கு மார்க் போட்டு விட்டோம். ஒரு நாள் மயிலாப்பூரில் அவள் கூடையை இறக்கியிருந்தாள். ஓர் அம்மாள் மடவையைப் புரட்டிப் பார்த்து, "என்ன இது, வெட்டியிருக்கு?" என்று முகம் சுளித்தார். நான் நிற்பதைத் தேசம்மா பார்க்கவில்லை.

"அது எங்க மேடம் எண்ணி வுட்ட மீனு. அவங்க எண்ணலைன்னா இந்த வருசம் கூடையே கெடையாது. வேணும்னா வாங்கு, இல்லாங்காட்டி வெச்சுட்டுப் போ."

அந்த அம்மாள் இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.