இரண்டு முட்டியிலும்

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு யூனிட்டில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்து டவுன் பஸ் பிடித்து வீடு சேர ஏழு மணி ஆகிவிடும். அவளுடைய அப்பா ராணுவத்தில் இருக்கிறார். லீவு கிடைத்தால்தான் வருவார். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் அடுத்த தெருவில் ஒரு டீச்சர் வீட்டுக்கு அவளை டியூஷனுக்கு அனுப்பினேன். யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு ஜீன்ஸ் போட்டுக்கொண்டுதான் போவாள். வெயில் கொளுத்துகிற சித்திரையிலும் அதைத்தான் கேட்பாள். பிடிவாதக்காரி என்று விட்டுவிட்டேன்.

வாங்கி இரண்டு மாதத்தில் ஜீன்ஸ் முட்டியில் நூல் நூலாகப் பிரிந்து ஓட்டை விழுந்தது. "எங்க போய் விழுந்த?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டேன். விளையாட்டில் விழுந்திருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பழைய சுடிதாரின் மஞ்சள் துணியில் இரண்டு சூரியகாந்திப் பூ வெட்டி, ஓரத்தை மடித்து, கையாலேயே தைத்தேன். ஜீன்ஸ் துணியில் ஊசி இறங்காது. இரண்டு ஊசி முறிந்தது. ஆனாலும் தைத்து முடித்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். கூட வேலை பார்க்கிறவர்கள், "எங்க பிள்ளைக்கும் ஒண்ணு தச்சுக் குடுங்கக்கா" என்றார்கள்.

ஒன்றரை மாதத்தில் பூக்களும் தேய்ந்து கிழிந்தன. அடுத்து மீன் வைத்தேன். அதற்கடுத்து பூனை முகம். அப்போதுதான் அவள், "ம்மா, இந்தத் தடவை தடியா வையி" என்றாள். பூனைக் கன்னம் உப்பலாக இருந்தால் பிள்ளைக்குப் பிடிக்கும்போல என்று நினைத்தேன். யூனிட்டில் கழிவாகப் போகிற பேண்டேஜ் துணியைக் கேட்டு வாங்கி வந்து, நான்காக மடித்து உள்ளே வைத்துத் தைத்தேன். முட்டியைத் தரையில் ஊன்றிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். குழாயடியில் விளையாடி ஜீன்ஸை நனைத்துவிட்டாள். அக்கா தன் மகளுடைய பழைய கவுனை மாட்டிவிடும்போது உள்ளேயிருந்து கத்தினாள்.

"ஏட்டி, இங்க வா. பிள்ளை முட்டியப் பாத்தியா நீ?"

போய்ப் பார்த்தேன். இரண்டு முட்டியும் கறுத்து, தடித்து, செருப்பில்லாமல் நடக்கிறவர்களின் குதிகால் மாதிரி காய்த்துப்போயிருந்தது. ஒரு வருஷமாக அவளேதான் குளித்துக்கொள்கிறாள். வெந்நீர் விளாவி வைப்பதோடு என் வேலை முடிந்துவிடும்.

"கீழ விழுந்தா ஒரு பக்கம் சிராய்க்கும். இது ரெண்டும் ஒண்ணு போல இருக்கே" என்றாள் அக்கா. பிள்ளையை மடியில் இழுத்து உட்காரவைத்து, "என்னாச்சு, பெரியம்மாகிட்ட சொல்லு" என்றாள்.

"டியூசன்ல முட்டி போடணும்."

"எதுக்கு?"

"வாய்ப்பாடு தப்பாச் சொன்னா."

"எம்புட்டு நேரம்?"

"எல்லாரும் படிச்சு முடிக்கிற வரைக்கும்."

"தினமுமா?"

"சனிக்கிழமை கிடையாது பெரியம்மா."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அந்த அம்மா உட்காரச் சொல்லி, காபி வேண்டுமா என்று கேட்டார். மாடிப்படிக்குக் கீழே வழவழப்பாகப் பூசாத, சொரசொரத்த சிமெண்ட் தரை தெரிந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சங்கூட மாறவில்லை.

"நீங்கதான சொன்னீங்க, கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க டீச்சர்னு? நான் ஒரு அடி கூட அடிக்கலையே."

சொல்லியிருக்கிறேன். சேர்க்கப் போன அன்று, எல்லாரும் சொல்கிறார்களே என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். பிள்ளை அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "நான் சொன்னது தப்பு டீச்சர். நீங்க செஞ்சதும் தப்பு. இனி பிள்ளை வராது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலம் பிள்ளையிடம் கேட்டேன். "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். அதுக்குத்தான ஒட்டு வச்சுக் குடுத்த?"

அந்த டியூஷனுக்குப் போகும் மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ச் சொன்னேன். இரண்டு வீட்டில் உடனே நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டில், "கண்டிச்சாத்தான படிப்பு வரும்?" என்று என்னையே கேட்டார்கள். யூனிட்டில் சூப்பர்வைசரிடம் கெஞ்சி காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். தினமும் அவள் முட்டியில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். தோல் மிருதுவாகிவிட்டது, கறுப்பு இன்னும் போகவில்லை. வாய்ப்பாட்டில் எட்டு இன்னும் தப்புகிறது.