ஆயிரம் மூட்டை அரிசி

மலாக்காவில் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள், எத்தனையோ பாட்டுக்காரர்கள். ஆனால் எழுதிய பாட்டுக்காகப் போலீஸ் ஜீப் வந்து அழைத்துப்போனது எங்கள் அப்பா ஒருவரைத்தான். அந்தப் பெருமையை இன்றுவரை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டையிட்ட அவசரகாலம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை. அரிசி அட்டைக்கு இவ்வளவு என்று அளந்துதான் கிடைக்கும். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, கைப்பிடிச் சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள்.

அப்பா காலையில் பால்மரம் வெட்டிப் பாலெடுப்பார், மாலையில் இலக்கணப் புத்தகம் படிப்பார். தோட்டத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் வாழ்த்து மடல் அவருடையதுதான். ரோஸ் காகிதத்தில் அச்சடித்து, பந்தலில் உரக்க வாசித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பது எங்கள் வழக்கம். எனக்கு அப்போது ஒன்பது வயது. உவமை, உருவகம், உள்ளதை மிகைப்படுத்திச் சொல்லும் உயர்வு நவிற்சி எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

அந்த மாதம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை செர்காம் பக்கம். விருந்து என்று பார்த்தால் அவித்த மரவள்ளிக்கிழங்கும், ஆளுக்கு ஒரு கரண்டிச் சோறும்தான். அப்பாவின் மடலிலோ ஆயிரம் மூட்டை அரிசி வெந்து மலையாகக் குவிந்தது. அதன்மேல் நெய் ஆறாக ஓடியது. அந்தச் சோற்று மலையைப் பார்த்துத் தோட்டத்துக் குன்று வெட்கித் தலைகுனிந்தது. பந்தலே கை தட்டியது. கிழங்கைத் தின்றுகொண்டே தட்டினார்கள்.

லாரியில் திரும்பிய மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் சோதித்தபோது, ஒருவர் சட்டைப்பையில் அந்த ரோஸ் காகிதம் இருந்தது. மறுநாள் காலை ஜீப் வந்துவிட்டது. பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளைகளிடம், "உங்கப்பாவ எப்பயாச்சும் ஜீப்புல கூட்டிட்டுப் போனாங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, டவுனுக்குப் போகும் லாரியில் ஏறினாள்.

போலீஸ் நிலையத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார்கள். ஆயிரம் மூட்டை எங்கிருந்து வந்தது, மிச்சம் யாருக்குப் போனது என்பதுதான் கேள்வி.

மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர். "எல்லாம் பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லிருய்யா. வீட்டுக்குப் போலாம்லா" என்று கெஞ்சினார்.

அப்பா நிமிர்ந்து நின்றார். "பொய் இல்லீங்க. அது உயர்வு நவிற்சி அணி."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் முழித்தார். அதிகாரியின் முகம் சிவந்தது. அப்போதுதான் அம்மா முன்னால் போனாள்.

"தொரை, அத்தனையும் பொய்யிங்க! இந்தாளு வாயத் தொறந்தா பொய்தான். அரிசி ஏதுங்க? கெழங்கு தின்னு தின்னு எங்க வயித்துல வேரு எறங்கிப்போச்சு. இந்தப் புள்ள பொறந்ததுலேருந்து நெய்யக் கண்ணால பாத்ததில்ல. வேணும்னா நீங்களே கேளுங்க, நெய்யி என்னா நெறம்னு!"

மொழிபெயர்ப்பாளர் இதைக் கடகடவென்று சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார். போன தீபாவளிக்குத்தான் நெய் மணக்கப் பலகாரம் தின்றிருந்தேன். ஆனால் அப்பாவின் கவிதையைப் பொய் என்று சொன்ன அம்மாமேல் வந்த கோபத்தில் வாயை இறுக மூடிக்கொண்டேன். பிள்ளைக்கு நிஜமாகவே தெரியவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, போகச் சொல்லிக் கையசைத்தார்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா, "வயித்துல வேரு எறங்கிப்போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவமானத்தில் புலம்புகிறார் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவோடு ஒரு மாதம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. தினமும் எனக்குத் தலை வாரிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

அப்படி ஜீப்பில் போனவர்களில் சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதும், அவர்களின் பெண்டு பிள்ளைகள் இங்கேயே நின்றுபோனார்கள் என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அதைவிட நாளானது இன்னொன்று புரிவதற்கு. அணிகளையெல்லாம் பெயர் சொல்லி ஒப்பித்த எனக்கு, எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா அந்த மேசைக்கு முன்னால் நின்று சொன்னதும் உயர்வு நவிற்சிதான் என்று அன்றைக்குத் தெரியவில்லை.