மாதாவுக்குக் கீழே இருந்த துவக்கு

பிள்ளைகளே, உங்கள் மாமா தளபாடக் கடைக்குப் போனால் என்ன செய்வார் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இழுத்துத் திறக்கிற லாச்சி வைத்த அலுமாரி எதைக் கண்டாலும், லாச்சியை முழுதாக வெளியே இழுத்து நிலத்தில் வைப்பார். பிறகு உள்ளே தோள்வரை கையை விட்டுத் தடவுவார். கடையில் நிற்கிறவர்கள் ஏதும் தொலைந்துவிட்டதா என்று வந்து கேட்பார்கள். நீங்கள் வெட்கப்பட்டு விளக்குகள் விற்கிற பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று போன கிழமை என்னைக் கேட்டீர்கள். எனக்கு எழுத்து பெரிதாக வராது, பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அப்போது நாங்கள் ஜெர்மனியில் பான் நகரத்தில் இருந்தோம். மாமாவும் மாமியும் மேல்மாடியில், நாங்கள் அதற்குக் கீழே. இந்த நாட்டில் வேண்டாத பெரிய சாமான்களைத் தெருவில் எடுத்து வைக்க ஒரு நாள் குறித்துக் கொடுப்பார்கள். அதற்கு ஸ்பெர்முல் என்று பெயர். அந்த நாட்களில் எங்கள் ஆட்களின் வீட்டில் பாதிச் சாமான் அப்படி வந்ததுதான். நீ முதன்முதலில் படுத்த கட்டிலும் அப்படித்தான், மகள். கோபிக்காதே.

ஒருநாள் ரைன் நதிப் பக்கத்துத் தெருவொன்றில் ஒரு கறுத்த மர அலுமாரி நின்றது. இடுப்பளவு உயரம், மூன்று லாச்சி, கால்களில் பூ வேலை. நான் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டேன். மாமா பிடிக்கவில்லை.

"கேக்காமல் எடுத்தால் களவெடுத்த மாதிரி இருக்கும், அத்தான்" என்றார்.

தெருவில் எறிந்ததை எடுக்க யாரும் கேட்பதில்லை, பேசாமல் தூக்கு என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் போய் அந்த வீட்டு மணியை அடித்துவிட்டார். கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற நெட்டையான ஒரு ஜெர்மன்காரர். நாங்கள் ஏதோ முறைப்பாடு சொல்ல வந்தோம் என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார். அந்த அலுமாரியை எடுக்கலாமோ என்று கேட்கத்தான் வந்தோம் என்று விளங்கியதும் அவருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. அது அவருடைய தாய் தகப்பன் வைத்திருந்ததாம். தனி ஆளாக இருந்தவர் சின்ன வீட்டுக்கு மாறுகிறாராம், அங்கே இடம் இல்லையாம். தானும் ஒரு பக்கம் பிடித்து எங்கள் வண்டியில் ஏற்றினார். பிறகு உள்ளே ஓடிப்போய்த் தான் சுட்ட கேக்கை ஒரு நீலத் தகரப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து மாமாவின் கையில் கொடுத்தார்.

அந்தப் பெட்டியால்தான் எல்லாம். கேக் முடிந்தது, பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருவர் தந்த பாத்திரத்தை எங்கள் பெண்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பார்களா? மாமி அதில் எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் வைத்து அனுப்பினா. ஜெர்மன்காரருக்கு இந்த முறை தெரியாது. இது ஏதோ புதுப் பரிசு, பதில் செய்யாவிட்டால் மரியாதையில்லை என்று நினைத்து நத்தார் பண்டிகைக்குச் சுடுகிற பிஸ்கற் நிரப்பித் திருப்பி அனுப்பினார். மாமி முறுக்குப் போட்டா. அவர் ஆப்பிள் கேக் வைத்தார். இரண்டு பக்கமும் நிறுத்தத் தெரியாமல் வருசக்கணக்காக அந்தப் பெட்டி பானுக்குள்ளே டிராமில் போய் வந்தது.

அலுமாரியை மாமி மாதாவுக்குக் கொடுத்தா. மேலே வெள்ளைத் துணி விரித்து, மடு மாதாவின் சுரூபத்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுதிரி. லாச்சிகளில் மேசைத்துணி, செபமாலை, குருத்தோலை. கீழ் லாச்சி மட்டும் கொஞ்சம் குட்டை, துணியை இன்னொரு மடிப்பு மடிக்க வேண்டியிருக்கிறது என்று மாமி குறைசொல்லுவா. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் இரண்டு குடும்பமும் அதற்கு முன்னால் முழந்தாளில் இருந்து செபமாலை சொன்னோம்.

இதற்கிடையில் மாமா ஒரு பிழை விட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் விசா இல்லாமல் எல்லைக்கு அந்தப்பக்கம் வந்து நின்று அழுதார்கள் என்று, தன்னுடைய காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் பிடிபட்டார். இரக்கப்பட்டுச் செய்தார் என்பது வேறு, சட்டம் வேறு. நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது, ஆனால் பெவேருங்கில் விட்டது. அதாவது, உள்ளே போகத் தேவையில்லை, குறித்த காலம்வரை ஒழுங்காக இரு, இன்னொரு பிழை விட்டால் இதற்கும் சேர்த்து உள்ளே போ என்பது. அதற்குப் பிறகு மாமா சிவப்பு விளக்கில் ஒரு வாகனமும் இல்லாத தெருவில்கூட அசையாமல் நிற்பார்.

அப்படி நின்ற மனிதரின் வீட்டுக்குத்தான் ஒரு விடியற்காலை பொலிஸ் வந்தது. ஆள் கடத்துகிற வேறொரு கூட்டத்தைப் பிடித்தார்களாம், அதில் ஒருவனுடைய கைத்தொலைபேசியில் மாமாவின் இலக்கம் இருந்ததாம். நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். மாமி படியில் நின்று கூப்பிட்டா. "அண்ணை, ஒருக்கா மேல வாங்கோ. பொலிஸ் வந்து நிக்குது, சப்பாத்தைக் கழட்டச் சொன்னால் கேக்கினம் இல்லை."

எனக்கு ஜெர்மன் கொஞ்சம் கூடத் தெரியும் என்பதால் மொழிபெயர்க்கப் போனேன். மாமி வாசலில் குறுக்கே நின்றுகொண்டிருந்தா. பெரிய அதிகாரி, சட்டப்படி தாங்கள் சப்பாத்தோடு வரலாம் என்றார். கூட வந்த இளம் பொலிஸ்காரி மாத்திரம் பேசாமல் பையிலிருந்து நீலப் பிளாஸ்டிக் உறைகளை எடுத்துச் சப்பாத்துக்கு மேல் மாட்டினா. அந்த நிமிடத்திலிருந்து மாமி மற்றவர்களைப் பார்க்கவேயில்லை, தேத்தண்ணி வேண்டுமா என்று அந்தப் பிள்ளையை மட்டும்தான் கேட்டா.

கடவுச்சீட்டு, காகிதங்கள் என்று எல்லா இடமும் தேடினார்கள். ஒன்றும் இல்லை. கடைசியில் மாதாவின் அலுமாரி. பெரிய அதிகாரியே கொஞ்சம் தயங்கினார். மாமா தானே சுரூபத்தைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார், பயமில்லாத மனிதர் போல. பொலிஸ்காரி லாச்சிகளைக் கழற்றி வரிசையாக நிலத்தில் வைத்தா. மாமி குறைசொல்லுகிற குட்டை அவவுடைய கண்ணிலும் பட்டது. உள்ளே ரோர்ச் விளக்கு அடித்துப் பார்த்தா. பின்பக்கத்தில் ஒரு பலகை ஆணியடித்து நின்றது. அதைக் கிளப்பினால், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொதி. துணியை விரித்தால், ஒரு பழைய கைத்துவக்கு, பிஸ்டல்.

மாமி மெதுவாகச் சொன்னா: "இவ்வளவு நாளும் இதுக்கு முன்னாலயோ நாங்கள் முழந்தாளில இருந்தது?"

என்ன சொல்கிறா என்று பெரிய அதிகாரி கேட்டார். நான் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன். பொலிஸ்காரி யன்னல் பக்கம் திரும்பி நின்றா. தோள் குலுங்கியது.

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கேள்வி கேட்டுவிட்டு மத்தியானம் அனுப்பினார்கள். அலுமாரி எங்கே கிடைத்தது என்று கேட்டதற்குத் தெருவில் என்றாராம். எல்லோரும் அதைத்தான் சொல்லுகிறார்கள் என்றார்களாம். சட்டத்தரணியும் நல்லதாகச் சொல்லவில்லை. தண்டனை பெற்ற ஆளின் வீட்டில் துவக்கு என்றால் பெவேருங் போகும், சிறைக்குப் போக வேண்டும், பிறகு விசாவும் நிச்சயமில்லை. நான் சாட்சி சொல்லுகிறேன் என்றேன். சொந்தக்காரரின் சாட்சி பாதிச் சாட்சி என்றார்.

மாமாவின் மகளுக்கு, உங்கள் மச்சாளுக்கு, உயிர்த்த ஞாயிறு கழித்து முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைச் சட்டை தைத்து வந்து அறையில் தொங்கியது. "நான் அங்க நிப்பனோ தெரியாது, அத்தான்" என்று மட்டும் மாமா சொன்னார்.

அப்போது மாமி குசினிக்குள் போய் அந்த நீலத் தகரப்பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தா. இந்த முறை அது எங்கள் பக்கம் நின்றது. அலுமாரி தந்தவர் உயிரோடு இருக்கிறார், புது வீடும் எங்களுக்குத் தெரியும், போய்க் கேட்போம் என்றா. உடனே புறப்படுவோம் என்று நான் எழும்பினால், அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறுகிறது.

"துவக்குக் கேசுக்குப் போறம், உமக்கு ரோல்ஸே இப்ப?" என்றார் மாமா.

"வெறும் பெட்டியோட எப்பிடி ஒருதற்ரை வீட்டை போறது?" என்றா மாமி.

மூன்று பேரும் டிராமில் போனோம். சூடான பெட்டி என் மடியில். கிழவர் பெட்டியைக் கண்டதும் சந்தோசமாகக் கோப்பி ஊற்றினார். ரோல்ஸ் முடியும்வரை ஒருவருக்கும் கதையைத் தொடங்க முடியவில்லை. கடைசியில் நான் தொடங்கினேன். லாச்சி, பலகை, எண்ணெய்த் துணி என்று சொல்லச் சொல்ல அவருடைய முகம் மாறியது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் குடும்பத்துத் துவக்கு என்று பொலிசுக்குப் போய்ச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

மாமா என் கையைத் தொட்டார். "அவருக்குக் கரைச்சல் வருமெண்டால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. கேட்டு எடுத்த சாமான், குடுத்த மனுசனை மாட்டிவிட ஏலாது."

அதையும் மொழிபெயர்த்தேன். கிழவர் எழும்பி மற்ற அறைக்குள் போய்விட்டார். போச்சு, எழும்புவோம் என்று மாமா சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்தார். மேல்கோட்டு, தொப்பி, கழுத்துத் துண்டு எல்லாம் போட்டிருந்தார்.

"அந்தத் துவக்கை ரைனில் எறிந்துவிட்டேன் என்று என் அம்மாவிடம் அப்பா சத்தியம் பண்ணினவர்" என்றார். "அம்மா சாகும்வரை நம்பவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடுவா. அம்மா சொன்னது சரி என்று நான் ஒரு இடத்தில் சொல்லத்தான் வேண்டும். பொலிஸ் நிலையம் எந்தப் பக்கம்?"

நாங்கள் நால்வரும் மறுபடி டிராம் ஏறினோம். யுத்தத்திலிருந்து தகப்பன் கொண்டுவந்த துவக்கு அது என்று அவர் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்து வைத்தார். பழைய குடும்பப் படத்தில் அதே அலுமாரி நின்றதையும் காட்டினார். நாங்கள் மணி அடித்துக் கேட்டுவிட்டு எடுத்ததைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். குப்பை எடுக்க மணியடித்த மனிதர் துவக்கு ஒளித்து வைப்பாரா என்று பெரிய அதிகாரியையே கேட்டார். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முன்னர் சட்டத்தரணி தொலைபேசி எடுத்தார். துவக்குக் கேசை மூடிவிட்டார்கள், கைத்தொலைபேசி இலக்கத்திலும் ஒன்றும் இல்லை, பெவேருங் அப்படியே இருக்கிறது என்றார். மாமா நன்றி சொன்னார், வைத்தார், பிறகு படிக்கட்டில் போய் இருந்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். மேலே மாமி மாதாவைப் பழைய இடத்தில் வைக்கிற சத்தம் கேட்டது.

முதல் நன்மையன்று மாமா கோயிலில் முதல் வரிசை வாங்கில் இருந்தார். வீட்டு விருந்துக்குக் கிழவரும் வந்தார், கையில் பெட்டி. வாசலில் தானாகவே சப்பாத்தைக் கழற்றினார். தேவையென்றால் அலுமாரியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சங்கடப்பட்டார். மாமா விடவில்லை, மாதாவுக்கு அந்த இடம் பழகிவிட்டது என்றார். கிழவர் அதைத் தடவிக்கொண்டே, இது தனியே செய்த அலுமாரி இல்லை, சோடி, மற்றது ஹம்புர்க்கில் தன் தங்கச்சி வீட்டில் நிற்கிறது என்றார்.

மாமா வாய்க்குக் கொண்டுபோன கேக் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"அத்தான், அந்த மனுசிக்கு இப்பவே ரெலிபோன் எடுக்கச் சொல்லுங்கோ" என்றார். "லாச்சி குட்டையோ எண்டு முதலில பாக்கட்டும்."

கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார். எடுத்தும் கேட்டார். அதில் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் மாமா இன்றுவரை கையை விட்டுத் தடவித்தான் பார்க்கிறார். அடுத்தமுறை கடையில் அப்படிச் செய்தால் விளக்குப் பக்கம் ஓடாதீர்கள். பக்கத்தில் நின்று ரோர்ச் அடித்துக் கொடுங்கள்.